ஸ்டீயரிங் அதிர்வும் பிரேக் கோளாறும்

ஸ்டீயரிங் அதிர்வு என்பது கார் ஓடும்போது ஓட்டுநரின் கையில் உணரப்படும் நடுக்கம் ஆகும். இது தனி நோயன்று. சக்கரம், டயர், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பழுதாகியிருப்பதன் அறிகுறி. அதிர்வு எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம், துறையூர் வட்டத்தில் உள்ள உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் இந்தக் கவனம் மிகவும் தேவை. அங்கிருந்து துறையூர் செல்வது சமவெளிச் சாலை. சோபனபுரம் வழியே பச்சைமலைக்கு ஏறுவதோ மலைப்பாதை. சமவெளியில் சிறு தொந்தரவாகத் தெரியும் பிரேக் கோளாறு, மலையிலிருந்து இறங்கும்போது உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் கேள்வி: அதிர்வு எப்போது வருகிறது?

* குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், பிரேக் மிதிக்காதபோதும் வந்தால்: சக்கரச் சமநிலை, ரிம் அல்லது டயர்.
* பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால்: பெரும்பாலும் முன் பிரேக் டிஸ்க்.
* குழியில் இறங்கி ஏறிய பிறகு கை ஆடினால்: டை ராட், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றின் தேய்மானம்.
* அதிர்வுடன் உறுமல் ஒலி கேட்டு, வளைவில் திரும்பும்போது அது மாறினால்: வீல் பேரிங்.

எல்லாவற்றுக்கும் முன்பு வீல் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அண்மையில் பஞ்சர் போட்ட வண்டியில் இது மிக முக்கியம்.

சக்கரச் சமநிலை

14 அங்குல ரிம்மில் 20 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 அல்லது 12 முறை சுற்றும். அப்போது அந்தச் சிறு எடை ஏறத்தாழ 2 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். அதனால்தான் 40 கி.மீ. வேகத்தில் தெரியாத நடுக்கம் 80-இல் தெரிகிறது.

பேலன்சிங் எடை கழன்று விழுவது, ரிம் நெளிவது, டயரில் புடைப்பு ஏற்படுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். வயல் பாதையில் சென்ற வண்டியின் ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்த சேறும் இதையே செய்யும், கழுவினால் போதும். டயரில் புடைப்பு இருந்தால் மாற்றுவதே வழி.

எளிய சோதனை ஒன்று உண்டு. முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்ற வேண்டும். அதிர்வு கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால், பழுது சக்கரத்தில் அல்லது டயரில் உள்ளது. வீல் அலைன்மென்ட் இதிலிருந்து வேறானது. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் சீரற்றுத் தேயும். நேரடியாக நடுக்கம் வருவது குறைவு.

பிரேக் மிதிக்கும்போது வரும் அதிர்வு

டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவில் இல்லாதபோது, பேட் பிடிக்கும் விசை ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறையும். அதுவே கையில் நடுக்கமாகவும் பெடலில் துடிப்பாகவும் தெரிகிறது. பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிவது, வீல் நட்டுகளைச் சமமின்றி இறுக்குவது, துருவைச் சுத்தம் செய்யாமல் புதிய டிஸ்க்கைப் பொருத்துவது ஆகியவை காரணங்கள். டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கலாம். ஆனால் அதில் பொறிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

ஏபிஎஸ் உள்ள காரில், வழுக்கும் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் படபடவென அடிப்பது இயல்பு. அப்போது காலை எடுக்கக் கூடாது.

பெடல் காட்டும் அறிகுறிகள்

* மிதித்தால் பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.
* அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது எங்கோ பிரேக் ஆயில் கசியலாம்.
* கல் போல் கடினமாக இருந்தால் வெற்றிட பூஸ்டரைச் சோதிக்க வேண்டும். இன்ஜினை அணைத்து நான்கைந்து முறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே இன்ஜினைத் தொடங்கினால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதன் குழாயோ வேலை செய்யவில்லை.
* பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்து, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் காலிப்பர் இறுகியிருக்கலாம்.
* இரும்பு உரசும் ஒலி வந்தால் பேட் தீர்ந்துவிட்டது.

மலையிறக்கம்

1,000 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 20 முறை நிறுத்தியதற்கு ஈடான வெப்பம் பிரேக்கில் சேரும். அது 15 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 140 டிகிரி மட்டுமே. கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி, பெடல் தரைவரை இறங்கினாலும் பிரேக் பிடிக்காது. எனவே வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆயிலை மாற்ற வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்குவது நல்லது. பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது பெரும் தவறு: இன்ஜின் பிடிமானம் போகும், சில மிதிகளுக்குப் பின் பூஸ்டரின் உதவி நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனமாகும். கருகல் வாடை வந்தாலோ பெடல் தளர்ந்தாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எப்போது ஓட்டக் கூடாது?

பெடல் கீழிறங்குதல், பிரேக் ஆயில் கசிவு, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிதல், இரும்பு உரசல், டயர் புடைப்பு, தளர்ந்த பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியைச் சரிசெய்யாமல் எடுக்கக் கூடாது. சமநிலைக் குறைவால் வரும் நடுக்கம் மட்டும் என்று உறுதியானால், மெதுவாக ஓட்டிப் பணிமனை வரை செல்லலாம். காரணம் தெரியாத நடுக்கத்துடன் மலையேறுவதைத் தவிர்க்க வேண்டும்.