யார் வண்டியில் ஏறப்போகிறீர்கள்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்த இளைஞர் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. டிரைவர் கிடைக்காமல் லாரி ஓனர்கள்தான் அலைகிறார்கள். ஆள் பஞ்சம் உள்ள தொழிலில் நுழைகிறவருக்கு முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தானாகவே அமைகிறது. ஆனால் பலர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. 'நடைக்கு எவ்வளவு கிடைக்கும்?' என்ற ஒரே கேள்வியோடு சாவியை வாங்கிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டி நின்றால், பிடிபட்டால், மோதினால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

முதலில் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். சில லாரி செட்டுகளில் மாதச் சம்பளமும் படியும் தருகிறார்கள். பல இடங்களில் வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறார்கள். சதவீதக் கணக்கு கேட்க நன்றாக இருக்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை. மும்பைக்கு அருகில் ஏதோ ஒரு குடோன் வாசலில் லோடு இறக்க மூன்று நாள் காத்திருந்தால் அந்த மூன்று நாளுக்கும் டிரைவருக்கு வரவு இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் ஓடும். காத்திருந்ததற்காகப் பார்ட்டியிடம் ஓனர் ஹால்ட்டிங் பணம் வாங்குவார். அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். திரும்பி வர லோடு கிடைக்காமல் காத்திருக்கும் நாட்களுக்கும் இதே கேள்விதான்.

அடுத்தது டீசல். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு மைலேஜ் நிர்ணயிப்பார். குறைந்தால் டிரைவர் கணக்கில் பிடிப்பார். மலைப்பாதையிலும், முழு லோடிலும், நகர நெரிசலிலும் அந்த மைலேஜ் வராது என்பது ஓட்டியவர்கள் அனைவருக்கும் தெரியும். எந்த ரூட்டுக்கு என்ன மைலேஜ், வழிச்செலவும் மாமூலும் யார் கணக்கு, தார்ப்பாய் கிழிந்தால் யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லும் ஓனரே நம்பத் தகுந்தவர். 'எல்லாம் பார்த்துக்கலாம் தம்பி' என்பவரிடம் நடை முடிந்து கணக்கு பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

ஓய்வு நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தொலைதூர ரூட்டுகளுக்கு அனுமதி பெற்று நீட்டினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி தாண்டக் கூடாது என்றது. நடைமுறை வேறு. சேவ் லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வில், லாரி டிரைவர்கள் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதும், களைப்போடும் தூக்கத்தோடும் ஓட்டுவதாகக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டதும் தெரிந்தது. இப்படித்தான் ஓட்டியாக வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை. 2014இல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவரை மாற்றி, அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பும் தொடர் ஓட்ட முறையை இந்தியச் சாலைகளில் நடத்திக் காட்டியது. உங்கள் ஓனரால் அது முடியாமல் இருக்கலாம். ஆனால் டெல்லி லைனில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஆளை ஓட்டச் சொல்கிறாரா, செகண்ட் டிரைவர் போடுகிறாரா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

இனி ஓவர்லோடு. புதிதாக வருபவர் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இதை ஓனர் கட்டிவிடலாம். ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல், அதிக பாரம் ஏற்றி ஓட்டுபவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கூடுதல் டன்னின் லாபம் ஓனருக்கு, முடங்கும் லைசென்ஸ் உங்களுக்கு. எடைச்சீட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்கச் சொல்லும் கம்பெனியில் சேரவே கூடாது என்பேன்.

விபத்து என்று வந்தால் கதை இன்னும் கடுமை. 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றது நினைவிருக்கும். விபத்து நடந்த இடத்திலிருந்து தகவல் தெரிவிக்காமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டத்தின் பிரிவை எதிர்த்து டிரைவர்கள் போராடினார்கள். அந்த உட்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டு, சட்டத்தின் மற்ற பிரிவுகள் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தன. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை என்பது இப்போது உள்ள சட்டம். வெளிமாநிலக் காவல் நிலையத்தில், மொழி தெரியாமல் நிற்கும்போது வக்கீல் வைத்து ஜாமீன் எடுக்க ஓனர் வருவாரா? அவரிடம் முன்பு வேலை செய்து விபத்தைச் சந்தித்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். ஓனரிடம் கேட்டால் வருவேன் என்றுதான் சொல்வார்.

டிரைவருக்கே அடிபட்டாலோ உயிர் போனாலோ, தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பு வண்டியின் இன்ஷூரன்ஸிலேயே அடங்கும். அதைப் பெற, இன்னாரிடம் வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கி, எதிலும் பெயர் இல்லாமல் ஓட்டியவரின் குடும்பம் அங்கேதான் தடுமாறும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். டிரிப் ஷீட்டில் உங்கள் பெயர் இருக்கட்டும். இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிக்கலாம். தனி ஓனரிடம் ஓட்டுபவர்கள் தமிழக அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்வது அவசியம்.

ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பெரிய தொகை முன்பணமாகத் தந்தாலும் யோசியுங்கள். கடனைக் காட்டி ஒருவரைக் கட்டிவைத்து வேலை வாங்குவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எந்த வண்டி என்று கேட்டால், முதல் வருடம் நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றும் வண்டி போன்ற குறுகிய ரூட், அல்லது மூத்த டிரைவரோடு செகண்ட் டிரைவர். கேஸ் டேங்கர் பிறகுதான். அபாயகரமான சரக்குக்கான தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு பெறாமல் அதைத் தொடவே முடியாது.

சேரும் முன் ஒரு நாள் செட்டுக்குப் போய் வண்டிகளைப் பாருங்கள். டயர் எப்படி இருக்கிறது, எஃப்சி, இன்ஷூரன்ஸ் தேதி என்ன, ராத்திரியில் வண்டி நின்றால் ஆபீஸில் போனை எடுப்பார்களா என்று விசாரியுங்கள். சரக்கோடு போகும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். வண்டி பழுதாகி நாள் கடந்தால், முடியும் நேரத்துக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்காத ஆபீஸால் பிடிபட்டு ரோட்டில் நிற்கப்போவது டிரைவர்தான். பல வருடமாக அங்கேயே ஓட்டும் டிரைவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் செட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஓனர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பதில் சொல்லாதவரிடம் சாவி வாங்காதீர்கள். அடுத்த செட்டுக்கு நடங்கள், அங்கேயும் டிரைவர் தேவைப்படுகிறார்.