துணியில் இறங்கும் சுமி மை

கியோட்டோவில் துணி வணிகர் வீட்டில் 1658-இல் பிறந்தவர் ஓவியர் ஓகதா கோரின். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மர வியாபாரக் குடும்பமான ஃபுயுகி வீட்டுப் பெண்ணுக்காக, ஒரு வெண்பட்டு உடையில் இலையுதிர்காலப் பூக்களைத் தூரிகையாலேயே தீட்டிக் கொடுத்தார். சாயத்தொட்டி இல்லை, பூத்தையலும் இல்லை. மையும் மெல்லிய வண்ணங்களும் மட்டுமே. 'கொசொதெ' எனப்படும் அந்த உடை இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது டி-ஷர்ட்டிலும் பருத்தி யுகாதா கிமோனோவிலும் காணும் மை ஓவிய மூங்கிலுக்கும் கொக்குக்கும் அவ்வளவு பழைய முன்னோடி உண்டு.

சுமி எனப்படும் இந்த ஜப்பானியக் கறுப்பு மையின் தலைநகரம் நாரா. அங்குள்ள கொபாய்என் பட்டறை 1577 முதல் மைக்கட்டி செய்துவருகிறது. வரிசையாக எண்ணெய் விளக்கேற்றி, மேலே கவிழ்த்த மண்மூடிகளில் புகைக்கரியைப் பிடிக்கிறார்கள். நம் பாட்டிமார் கண்மைக்குக் கரி பிடித்த அதே முறை. அந்தக் கரியோடு விலங்குத் தோலிலிருந்து எடுத்த வச்சிரப் பசையையும் வாசனைப் பொருளையும் சேர்த்து, கையாலும் காலாலும் பிசைந்து மர அச்சில் அழுத்துகிறார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் இது குளிர்கால வேலை. சாம்பலில் புதைத்து ஈரத்தை மெதுவாக இறக்கியபின், கட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். எண்ணெய்க் கரி சற்றே பழுப்போடிய கறுப்பைத் தரும். பைன் மரக் கரி நீலமோடியதைத் தரும்.

கரி தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளுக்காது. இழைகளுக்குள் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறவும் செய்யாது. எழுத்துக்கலை வகுப்பில் பிள்ளைகளின் சட்டையில் தெறித்த சுமிக் கறையோடு மல்லுக்கட்டுவது ஜப்பானியப் பெற்றோருக்கு வழக்கமான பாடு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பருத்தி நூல் ஈரத்தை இழுத்து ஓடவிடும். கூரிய இலைநுனி நொடியில் கசிந்து மழுங்கிவிடும். ஜப்பானியச் சாயக்காரர்கள் இதற்குச் சோயாவை நம்பினார்கள். ஊறவைத்த சோயாவை அரைத்து வடிகட்டி, அந்தப் பாலைத் துணியில் பூசி உலர்த்துவார்கள். அதிலுள்ள புரதம் கசிவையும் தடுக்கும், நிறத்துகளையும் இழையோடு பிணைக்கும். எளிய சமையலறைப் பொருளால் இவ்வளவு நுட்பமான வேலை நடப்பது வியக்க வைக்கிறது.

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அச்சு. திரை அச்சில் ஒரே கறுப்பு மையால் சாம்பல் நிறத்தைக் காட்ட, புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைக்கிறார்கள். தொலைவிலிருந்து அழகுதான், ஆனாலும் ஒரே தூரிகை வீச்சில் அடர்த்தி தேய்ந்து மறையும் உயிர்ப்பு அதில் வருவதில்லை. ஹொகுசாயின் பேரலை பொறித்த சட்டைகளையும் சிலர் மை ஓவியம் என்றே விற்கிறார்கள். அது 1831 வாக்கில் வெளிவந்த மரக்கட்டை அச்சுப்படம். இந்த மரபைச் சேர்ந்ததல்ல.

வாங்கும்போது சாம்பல் நிறப் பகுதியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கையால் தீட்டியதென்றால், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.