மலாக்காவில் பாட்டிதான் மொழிபெயர்ப்பாளர்

மலாக்காவில் 84 மொழிகள் பேசப்படுகின்றன என்று எழுதி வைத்தார் தோமே பிரேஸ் என்ற போர்ச்சுகீசியர். 1512 முதல் 1515 வரை அந்நகரில் இருந்தவர் அவர். காற்றுதான் அத்தனை மொழிகளையும் அங்குக் கொண்டுவந்து சேர்த்தது. குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த கப்பல்களுக்கு ஒரு பருவக்காற்று, சீனாவிலிருந்து வந்தவற்றுக்கு இன்னொன்று. ஊர் திரும்ப, காற்று திசை மாறும் வரை வணிகர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே படித்திருந்தேன். ஆனால் தாத்தா, பாட்டியுடன் மலாக்காவுக்குப் போய்வந்த பிறகுதான் அது எனக்கும் சம்பந்தப்பட்ட கதை என்று தோன்றியது.

இருவருக்கும் திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. பொன்விழாவுக்கு ஹோட்டலில் விருந்து வைக்கலாம் என்றார் அப்பா. "விருந்தெல்லாம் வேணாம். மலாக்காவுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் பாட்டி. 1973ல், திருமணமான புதிதில், இருவரும் பேருந்தில் போய்வந்த ஊர் அது. பல்கலைக்கழக விடுமுறையில் இருந்ததால் துணைக்குப் போகும் வேலை எனக்குக் கிடைத்தது.

கடல் எங்கே போனது?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சிங்கப்பூர் வெயிலில் வளர்ந்த எனக்கே தலை சுற்றியது. தாத்தா ஒரு கையில் குடையும் மறு கையில் துண்டுமாக நடந்தார். செந்நிறத்தில் நிற்கும் ஸ்டாட்ஹைஸ் கட்டடத்தையும் 1753ல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயத்தையும் வேகமாகப் பார்த்துவிட்டு, போர்ச்சுகீசியக் கோட்டை வாசலுக்குப் போனோம்.

1511ல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் கட்டிய கோட்டை அது. 1641ல் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. பிறகு வந்த ஆங்கிலேயர்கள் 1807ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரே ஒரு வாசல் மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றியவர் என்று சொல்லப்படுபவர் நமக்கு நன்கு தெரிந்த ராஃபிள்ஸ்.

தாத்தாவின் கவனம் வாசலில் இல்லை. "கடல் எங்கடா போச்சு?" என்று எதிர்ப்பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவர் நினைவில் இருந்த கடற்கரையை நிலமீட்பு பல கட்டங்களாக வெகுதூரம் தள்ளிவிட்டது. இப்போது அங்கே கடைத்தொகுதிகள். "சரி, நம்ம ஊர்லயும் இப்படித்தானே" என்று பாட்டி அவரைத் தேற்றினார்.

வெயிலுக்குப் பயந்து ஜோங்கர் தெருப் பக்கம் ஒதுங்கினோம். அங்குள்ள பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அதைத் தாத்தா இன்றும் 'அஞ்சடி' என்றுதான் சொல்வார். வீடுகளுக்குள் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. சூடான காற்று அதன் வழியாக மேலே போய்விடுவதால் மின்விசிறி இல்லாத காலத்திலும் மக்கள் சமாளித்திருக்கிறார்கள். நாங்கள் சமாளித்தது செண்டோலை வைத்து. தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் கலந்த அந்த ஐஸ் கிண்ணம் ஆளுக்கு இரண்டு.

ஒரு தெரு, மூன்று வழிபாட்டுத் தலங்கள்

கொஞ்சம் தள்ளி நடந்தால் 1748ல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அதன் கூரை பிரமிடு போல அடுக்கடுக்காக உயர்கிறது, மினாராவோ சீன பகோடா போல இருக்கிறது. சற்று அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அதே வரிசையில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781ல் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது.

அந்தத் தெய்வநாயகம் யார் என்று பாட்டி கேட்டதால்தான் காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போனோம்.

மலாக்கா செட்டிகள் எனப்படுவோர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த வணிகர்களின் வழித்தோன்றல்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. சைவ சமயத்தை விடவில்லை. தாலி கட்டுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். போகியன்று வாழையிலையில் முன்னோர்களுக்குப் படைக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பார்ச்சு'. ஆனால் பெண்களின் பாரம்பரிய உடை சாரோங் கெபாயா, வீட்டில் பேசுவது மலாய். தாய் எந்த மொழியில் தாலாட்டினாரோ அதுவே வீட்டு மொழியானது.

அங்கே ஒரு வீட்டு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நெற்றியில் திருநீறு, நடுவே பொட்டு. "வணக்கம் பாட்டி" என்றேன். அவரும் வணக்கம் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு நகரவில்லை. ஓ நிலைத் தேர்வு வரை படித்த என் தமிழும் பல்கலைக்கழகத்தில் புழங்கும் என் ஆங்கிலமும் அந்த வாசலில் பயன்படவில்லை. தினமும் காலையில் தேசிய கீதத்தை மலாயில் பாடி வளர்ந்தவன்தான் நான். ஆனால் அதைத் தாண்டி எனக்குத் தெரிந்த மலாய், சாப்பாட்டுக் கடையோடு சரி.

"சூடா மாக்கான்?" என்று பாட்டி ஆரம்பித்தார். சாப்பிட்டாச்சா என்று பொருள். பிறகு அரைமணி நேரம் இருவரும் நிறுத்தவே இல்லை. பாட்டி கம்பத்தில் வளர்ந்தவர், சந்தையில் பழகிய மலாய். அவ்வப்போது என் பக்கம் திரும்பி, "படைக்கிறதெல்லாம் நம்ம வீட்டு மாதிரியேதான்டா, குழம்புல மட்டும் பெலாச்சான் போடுவாங்களாம்" என்று மொழிபெயர்த்தார்.

திரும்பும் வழியில் பாட்டி சொன்னார்: "பேச்சு போயிடுச்சு, சாமி போகல. உங்க காலத்துல எது போகும், எது நிக்கும்னு தெரியல."

நமக்கான கேள்வி

அது என்னை விடவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். 2010ல் இது 32.3 விழுக்காடு. என் தங்கையிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக நடந்தது, நம் வீட்டு வரவேற்பறையில் இன்னும் வேகமாக நடக்கிறதோ என்று தோன்றியது.

மொழி போனால் எல்லாம் போய்விடும் என்பார்கள். கம்போங் செட்டி அப்படிச் சொல்லவில்லை. மொழி போனாலும் பொங்கல் பானை பொங்குகிறது. ஆனால் தெய்வநாயகம் செட்டி இன்று வந்தால், தம் சந்ததியினரிடம் தமிழில் பேச முடியாது. இரண்டும் உண்மை. எது நமக்குச் சம்மதம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே நேரத்தில், பாட்டியின் மலாயும் நம் சொத்துதான் என்று புரிந்தது. அது இல்லாவிட்டால் நாங்கள் அந்த வாசலிலிருந்து வெறும் புன்னகையோடு திரும்பியிருப்போம். அடுத்த பருவத்தில் அடிப்படை மலாய்ப் பாடத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தங்கையுடன் தமிழில் பேசுவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

அடுத்த விடுமுறையில் மலாக்கா போகும் எண்ணம் இருந்தால், ஜோங்கர் தெருவோடு நிறுத்திவிடாதீர்கள். காஜா பேராங் வரை போங்கள், அங்குள்ள செட்டி அருங்காட்சியகத்தையும் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலும் குடையும் அவசியம். முடிந்தால் தாத்தா, பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டி தனியாகத் தேவைப்படாது.