பண்டகசாலை அரங்கமாகும் முன்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்து பழகிய நம்மவர்களுக்கு, மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகள் புதிதல்ல. பூட்டிக் கிடக்கும் ஒன்றை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, நூறு பேர் அமரும் கூட்ட அரங்கும், உரைகளைப் பதிவு செய்ய ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடமும் அமைத்தால் என்ன என்ற பேச்சு நம் சங்கத்தில் அடிக்கடி எழுகிறது. ஆசை நல்லதுதான். ஆனால் செலவாகப் போவது உறுப்பினர்களின் சந்தாப் பணம். ரயில்வேயில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

முன்னுதாரணம் அருகிலேயே இருக்கிறது. இலாப நோக்கில்லாத கொச்சி பியனாலே அறக்கட்டளை 2012 டிசம்பர் 12 அன்று முதல் கலைக் கண்காட்சியைத் தொடங்கியது. 1867இல் தோன்றிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய வளாகமும் பெப்பர் ஹவுஸும் கலைக்கூடங்களாயின. ஆனால் 2018இல் சொற்பொழிவுகளுக்கும் திரையிடலுக்கும் கப்ரால் யார்டில் தனியாகவே ஓர் அரங்கம் எழுப்பினார்கள். அனாகிராம் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த அதற்குக் 'கூடாரம்' என்று பெயர். படம் பார்க்க நல்ல சுவர் போதும். பேச்சைக் கேட்க அது போதாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ரயில் நிலையத்தில் உயர்ந்த கூரையும் பளபளக்கும் கல் தளமுமாகப் பெரிய கூடம் கட்டினோம். திறப்பு விழா அன்று அறிவிப்பு முழங்கியது. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒலிபெருக்கியை மாற்றினோம், சத்தத்தைக் கூட்டினோம். குழப்பம்தான் கூடியது. குற்றம் கருவியில் இல்லை, சுவரில் இருந்தது.

சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தந்த கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி அடங்க ஆகும் நொடிகள் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கிடங்கு 1,000 கன மீட்டர். உட்பரப்பு 700 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தளமும் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சும் என்று கொண்டால் 35 சதுர மீட்டர். விடை 4.6 நொடி! பேச்சுக்கு ஒரு நொடியளவே நல்லது. அதற்கு 161 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு வேண்டும். நூறு பேர் வந்து அமர்ந்தால் சுமார் 45 சேரும். மீதிக்கு, ஏறத்தாழ 110 சதுர மீட்டர் அளவுக்கு ராக் வூல் பலகை பொருத்த வேண்டும். அதன்மேல் ஆலப்புழைக் கயிற்றுப் பாயைப் போர்த்தினால் அழகும் கெடாது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் சங்கதி வேறு. ஓட்டுக் கூரையில் மழை விழும்போது பதிவு நடக்காது. அறைக்குள் அறையாக, ரப்பர் தாங்கிகளின்மேல் நிற்கும் தரையும், இடையே காற்று விட்ட இரட்டைச் சுவரும் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே லாரி சரக்கு இறக்கும் சத்தமும் உரையோடு சேர்ந்து பதிவாகிவிடும்.

காயலோரக் கட்டடமானால், வேலியேற்றத்தில் நீர் எதுவரை வரும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, மின்பலகைகளை அதற்கு மேலே வைக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பாரம்பரியப் பகுதி விதிகளும் கடலோர மண்டல விதிகளும் உள்ளன. அனுமதிக்கு முன் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கால அட்டவணையிலும் இடைவெளி விடுங்கள். அனுபவமுள்ள பியனாலேயே 2022இல் டிசம்பர் 12 அன்று முக்கிய அரங்குகளைத் திறக்க இயலாமல் 23ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது.

ஆகவே செலவின் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் கூரை, அடுத்து மின்சாரம், பிறகு ஒலித்தடுப்பு, கடைசியில்தான் காமிராவும் மைக்கும். நன்கொடையாளர்களுக்குக் காட்ட காமிராதான் கவர்ச்சி. கூரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஒழுகும்வரை.

பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வேண்டுகோள். செயற்குழுவினர் ஜூன் மாத மழையில் அந்தக் கிடங்குக்குப் போய், நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு ஒருவர் ஒரு மூலையிலிருந்து ஒரு குறளைச் சொல்லட்டும். எதிர் மூலையில் நிற்பவருக்கு அது குறளாகவே கேட்டால் குத்தகை பேசலாம்.