சாம்பியன்... அடுத்த வருடமே கடைசி இடம்! - ஒரு சென்னையின் எஃப்.சி ரசிகரின் பாடுகளும் பரவசங்களும்

'சென்னையின் எஃப்.சி' என்ற பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? 'சென்னையின்' என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். சென்னையின் என்ன என்பதை ரசிகர்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். சில வருடம் அது சென்னையின் பெருமை. பல வருடம் சென்னையின் சோதனை!

இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல் கால்பந்துத் தொடர் 2014-ல் தொடங்கியது. அந்த முதல் சீசனிலிருந்தே விளையாடும் அணி இது. அபிஷேக் பச்சன், விட்டா டானி, மகேந்திர சிங் தோனி என்று பிரபலமான உரிமையாளர்கள். இரண்டு கோப்பைகள், ஒரு முறை இறுதிப்போட்டியில் தோல்வி, ஒரு முறை கடைசி இடம், தொடர்ந்து மூன்று முறை எட்டாவது இடம்... ஒரு வருடம் மேலே, மறு வருடம் கீழே என்று ராட்டினத்தில் ஏறியது போலத்தான் இந்த அணியின் ரசிகர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

கிரிக்கெட் ஊரில் கால்பந்து ரசிகராக இருப்பதே தனி அவஸ்தை. ஐ.பி.எல் சமயத்தில் டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட ஸ்கோர் பற்றிப் பேசலாம். ஐ.எஸ்.எல் ஸ்கோர் பற்றிப் பேச ஆள் தேட வேண்டும். 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ரசிகர் குழுக்கள் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நீல நிற ஜெர்ஸியோடும் டிரம்ஸோடும் இவர்கள் நிற்கும் இடத்தில் 90 நிமிடமும் சத்தம் ஓயாது. அணி 0-2 எனப் பின்தங்கியிருந்தாலும் ஓயாது.

117-வது நிமிடம்

முதல் சீசனிலேயே ரசிகர்களுக்கு எல்லாமே கிடைத்தது. இத்தாலிக்காக உலகக் கோப்பை வென்ற மார்கோ மடெராஸி, ஆடிக்கொண்டே பயிற்சியும் அளித்தார். பிரேசிலின் எலானோ 8 கோல்கள் அடித்து, தொடரில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். புள்ளிப் பட்டியலில் முதலிடமும் சென்னைக்குத்தான்.

அரையிறுதியில் எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். அப்போது ஐ.எஸ்.எல் அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்து வெற்றியை முடிவு செய்தார்கள். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் சென்னை 0-3 என்று தோற்றது. பலரும் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது அணி. 90-வது நிமிடத்தில் மிசோரம் வீரர் ஜேஜே லால்பெக்லுவா அடித்த கோல் மூன்றாவது. மொத்தக் கணக்கு 3-3. ஸ்டேடியமே குலுங்கியது. ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனது. பெனால்டி ஷூட் அவுட்டுக்கு இன்னும் மூன்றே நிமிடங்கள்தான். 117-வது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான்!

அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்களிடம் '117' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

வெள்ளத்துக்கு நடுவே ஒரு கோப்பை

2015 சீசன் இன்னும் மோசமாகப் போனது. 10 ஆட்டங்களில் 10 புள்ளிகள்தான். பட்டியலில் கடைசி இடம். மீதி நான்கே ஆட்டங்கள். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில், அந்த நான்கு ஆட்டங்களையும் வென்று மூன்றாவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது அணி.

அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. சென்னையின் அந்த டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளம் வடிந்த வீடுகளில் மக்கள் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில், கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது அணி. கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. இறுதிப்போட்டி உறுதியானது.

டிசம்பர் 20. கோவாவின் ஃபதோர்டா ஸ்டேடியத்தில், கோவா அணிக்கு எதிராகவே இறுதிப்போட்டி. சென்னை முதல் கோல் அடிக்க, கோவா சமன் செய்தது. சென்னையின் நட்சத்திரமான கொலம்பியா வீரர் ஸ்டீவன் மெண்டோசா ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. டி.வி-யை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் உண்டு. அந்தப் பாவத்துக்கு இன்றுவரை அவர்களுக்கு மன்னிப்பில்லை!

ஏனென்றால் 90-வது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் கட்டிமணியின் செல்ஃப் கோலால் ஸ்கோர் 2-2. மூச்சு விடுவதற்குள், இஞ்சுரி டைமில் மெண்டோசாவே அடித்தார் மூன்றாவது கோலை. 3-2. கோப்பை சென்னைக்கு! மெண்டோசாவுக்கு 13 கோல்களோடு கோல்டன் பூட். வெள்ளத்தில் நொந்துபோயிருந்த நகரத்துக்கு அந்த மாதம் கிடைத்த வெகு சில நல்ல செய்திகளில் அதுவும் ஒன்று.

மகுடம் சூடிய கையோடு...

நடப்பு சாம்பியனாக இறங்கிய 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். மெண்டோசா அணியில் இல்லை.

அடுத்து 2017-18. இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகோரி பயிற்சியாளராக வந்தார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையிலேயே 3-0 வெற்றி. ஜேஜே இரண்டு கோல் அடித்தார். இன்னொன்றைத் தலையால் முட்டி அடித்தவர் நம்மூர் தன்பால் கணேஷ். வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சென்னைப் பையன் அரையிறுதியில் கோல் அடித்தபோது எழுந்த சத்தம், மற்ற கோல்களுக்கு எழுந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

2018 மார்ச் 17-ல் இறுதிப்போட்டி. பெங்களூரு அணியை பெங்களூரிலேயே சந்தித்தது சென்னை. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். பிரேசில் வீரர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல்கள், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோல். முடிவு 3-2. இரண்டாவது கோப்பை!

அடுத்த சீசன்? 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். 9 புள்ளிகள். 10 அணிகளில் பத்தாவது இடம். அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, அந்த வருடம் சாம்பியனான பெங்களூருவுக்கு எதிராக வந்தது என்பதுதான் வேடிக்கை. 'ஃபர்ஸ்ட் ரேங்க் பையனை ஜெயிக்கத் தெரியும், பாஸ் மார்க் மட்டும் வாங்கத் தெரியாது' என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே 2019-ல் ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி கோப்பையில் முதன்முறையாக ஆடும் வாய்ப்பு வந்தது. ஆனால் அந்த 'சொந்த மண்' ஆட்டங்கள் நடந்தது சென்னையில் அல்ல, அகமதாபாத்தில்!

ஏன் இப்படி ஆடுகிறது ராட்டினம்?

ஆரம்ப சீசன்களில் லீக் சுற்றே 14 ஆட்டங்கள்தான். பிறகு 18, 20 என்று கூடியது. ஐரோப்பிய லீக்குகளைப் போல 38 ஆட்டங்கள் இருந்தால், நடுவில் சறுக்கினாலும் எழுந்துகொள்ள நேரம் கிடைக்கும். இங்கே இரண்டு மாதம் சறுக்கினால் சீசன் முடிந்துவிடும். நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து வென்றால் கோப்பையே கிடைத்துவிடும்.

இன்னொரு காரணம் ஆள் மாற்றம். வெளிநாட்டு வீரர்கள் பலரும் ஓரிரு சீசன் ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள். ரசிகர் ஒரு பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுகிறார். 2016 முதல் சென்னையிலேயே வளர்ந்து கேப்டனான அனிருத் தாபாகூட 2023-ல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். ஜெர்ஸியின் முதுகில் யார் பெயரை அச்சடிப்பது என்பது சென்னை ரசிகருக்கு ஒவ்வொரு வருடமும் வரும் குழப்பம். விவரமானவர்கள் தங்கள் பெயரையே அச்சடித்துக்கொள்கிறார்கள்.

நான்கு ஆட்டம், பூஜ்ஜியம் கோல்

2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துக்கு எதிராக, சென்னையில். 90 நிமிடம் முடிந்தும் 0-0. கூட்டம் கலையத் தொடங்கிய இஞ்சுரி டைமில், சென்னைக்கு அந்த சீசனின் முதல் கோல் விழுந்தது. கொண்டாடி முடிப்பதற்குள் ஹைதராபாத் சமன் செய்தது. அதைத் திட்டி முடிப்பதற்குள் லிதுவேனியா வீரர் வால்ஸ்கிஸ் இன்னொரு கோல் போட்டார். 2-1. சில நிமிடங்களுக்குள் மூன்று கோல்! பஸ்ஸைப் பிடிக்க முன்பே கிளம்பியவர்கள் வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

பிறகு கிரிகோரி விலக, ஸ்காட்லாந்தின் ஓவன் கோயல் வந்தார். அடிமட்டத்திலிருந்து நான்காவது இடம், அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வென்று இறுதிப்போட்டி என்று மீண்டும் 2015 வாசனை. ஆனால் 2020 மார்ச் 14, கொரோனா நேரம். ரசிகர்களே இல்லாத ஃபதோர்டாவில் நடந்த ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 1-3 தோல்வி. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும், பயிற்சியாளர் கோயலும் அடுத்த சீசனில் ஜாம்ஷெட்பூர் அணியில் இருந்தார்கள்.

எட்டு, எட்டு, எட்டு

அடுத்த இரண்டு சீசன்களில் சென்னையின் ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், காலி கேலரிகளுக்கு முன்னால் நடந்தன. 2020-21-ல் 20 ஆட்டங்களில் 11 டிரா. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. பார்ப்பவருக்குத்தான் தூக்கம் வந்தது. எட்டாவது இடம். 2021-22-லும் எட்டு. ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்பிய 2022-23-லும் எட்டு.

கடைசி இடத்தில் இருந்தால் கோபமாவது வரும். எட்டாவது இடத்தில் அதுவும் வராது. அந்த சீசன்களில் ஐ.எஸ்.எல்-லில் கடைசி இடம் பிடித்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடவில்லை என்பதால், ப்ளே-ஆஃப் வாய்ப்பு போன பிறகு நடந்த ஆட்டங்களில் பயம்கூட இல்லை. அந்த நாள்களில் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள்தான் உண்மையான ரசிகர்கள். கேரளா அணி சென்னைக்கு வரும்போதெல்லாம் பாதி ஸ்டேடியம் மஞ்சளாக மாறிவிடும். நம் ஊரிலேயே நாம் விருந்தாளியா என்ற வயிற்றெரிச்சலில், அன்று மட்டும் டிரம்ஸ் இரண்டு மடங்கு பலமாக ஒலிக்கும்.

கோயல் திரும்பி வந்த 2023-24-ல் மழை பெய்தது போல ஒரு இரவு. 2024 மார்ச் 31, கொல்கத்தா. அந்த சீசனின் லீக் பட்டத்தை வென்ற மோகன் பகானை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்தியது சென்னை. இஞ்சுரி டைமில் வெற்றி கோல் அடித்தவர் இளம் இந்திய வீரர் இர்ஃபான் யத்வாட். ஆறாவது இடம் பிடித்து, நான்கு வருடங்களுக்குப் பிறகு ப்ளே-ஆஃப் போனது அணி. அங்கே கோவாவிடம் 1-2 தோல்வி. ஆனாலும் அதிசயமாக யாரும் திட்டவில்லை. அதற்கடுத்த சீசனில் 11-வது இடம். அப்போது சேர்த்துத் திட்டினார்கள்.

ஆட்டமே இல்லாவிட்டால்?

தோல்விதான் பெரிய வலி என்று நினைத்திருந்த ரசிகர்களுக்கு 2025 வேறொன்றைக் காட்டியது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் தொடங்கவே இல்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், தொடரை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போடப்பட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. புதுப்பிக்கப்படவில்லை. இப்படியே போனால் கிளப்புகளை மூட வேண்டிவரும் என்று ஆகஸ்ட்டில் 11 கிளப்புகள் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதின. வீரர்களுக்கு எதிர்காலம் தெரியவில்லை. ரசிகருக்கு அடுத்த மேட்ச் எப்போது என்றே தெரியவில்லை.

'இந்த டீமைப் பார்க்கறதுக்கு சும்மா இருக்கலாம்' என்று வருடா வருடம் சலித்துக்கொண்டவர்களுக்கு, நிஜமாகவே சும்மா இருக்கும் சனி, ஞாயிறுகள் கிடைத்தன. அது எவ்வளவு வெறுமையானது என்று அப்போதுதான் தெரிந்தது. டிஃபென்ஸ் சரியில்லை என்று நண்பனோடு சண்டை போடுவதற்குக்கூட ஒரு ஆட்டம் நடந்தாக வேண்டுமே!

ஒருவழியாக, பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்று 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். ஒவ்வொரு அணியோடும் ஒரே ஒரு ஆட்டம் என்ற சுருக்கப்பட்ட சீசன். கோப்பை வருமா, கடைசி இடமா என்பதெல்லாம் பிறகு வந்த கேள்விகள். அட்டவணை எப்போது வரும், சென்னையில் எத்தனை மேட்ச் என்பதுதான் முதலில் எழுந்த கேள்வி.

கோப்பை வென்ற வருடங்களை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். எட்டாவது இடத்து வருடங்களை ரசிகர் மட்டும்தான் வைத்திருப்பார். இன்னொரு 2015 வந்தால், அந்த வருடங்களையும் சேர்த்துத்தான் அவர் கொண்டாடுவார். அதுவரை நீல ஜெர்ஸியைத் துவைத்து மடித்து, அலமாரியில் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்திருப்பார்.