கிணற்றடி மெசின் – 9: இரண்டு தாங்கி

போன கிழமை விசுவமடுக் கிணற்றடியில், கயிறு பாதியில் இறுகிக் கையைச் சுண்டுகிற இறைப்பு மெசினை அப்படியே விட்டுவந்தோம். இந்தக் கிழமை வால்வு இடைவெளி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் போர்ட்சன் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

1917இல் ஹென்றி போர்ட்டின் ஆட்கள் செய்து விற்கத் தொடங்கிய உழவு இயந்திரம் அது. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், சின்னத் தாங்கியில் பெற்றோல். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வாசித்ததும் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக அல்லவா நினைத்திருந்தோம்! மெசினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய்தான். பெற்றோல் மருந்துபோல, சின்னப் போத்தலில், துளிக்கணக்கில்.

அந்தத் துளி இல்லாமல் ஏன் சரிவராது? பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகிப் பொறிக்குக் காத்திருக்கும். மண்ணெண்ணெயின் ஆவி பற்றுவதற்கு 38 பாகை செல்சியஸாவது தாண்டவேண்டும். விடியப்புறம் மிளகாய்க்கு இறைக்கப் போகிறவனுக்கு அந்தச் சூட்டை யார் கொடுப்பது?

பெரியப்பா மெசினை நிறுத்துமுன் மண்ணெண்ணெயைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் பெற்றோல் குடிக்க விடுவார். "நாளைக்கு இழுக்கிற இழுவையை இண்டைக்கே இழுத்து வைக்கிறன், தம்பி" என்பார். காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் நின்றால் காலையில் இரண்டாம் இழுவைக்கே பிடிக்கும். மறந்தால் பத்து இழுவைக்குப் பிளக் நனையும்; எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். அளவுகோலை இழுத்து மணந்து பாருங்கள். மட்டம் ஏறி மண்ணெண்ணெய் மணத்தால் ஒயிலை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு கோளாறு, காபரேற்றரின் மிதவை ஊசி சிக்கி சிலிண்டருக்குள் எண்ணெய் நிறைவது. அப்போது கயிறு கல்லுப்போல நிற்கும். பலத்தைக் காட்டினால் உள்ளே தண்டு வளையும். சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மெதுவாக இழுத்தால் எண்ணெய் பீறிடும். பெரியப்பா ஒருமுறை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் புறப்பட்ட வெள்ளை வேட்டியோடு அதற்கு நேரே குந்தியிருந்தார். அம்மாளாச்சிக்கு அந்த வருடம் மண்ணெண்ணெய் வாசம்.

 

விசுவமடு மெசினில் பெற்றோல்தான். பிளக்கைக் கழற்றினால் கயிறு லேசாக வருகிறது. சிலிண்டரில் எண்ணெயும் இல்லை. அப்படியென்றால் சந்தேகம் வால்வில்தான். கயிறு இழுக்கும்போது வெளியேற்று வால்வைச் சற்றே தூக்கி அமுக்கத்தைத் தளர்த்துகிற சின்னப் பொறி ஒன்று உள்ளே இருக்கிறது. வால்வு இடைவெளி கூடிவிட்டால் அதன் தூக்கல் வால்வுக்கு எட்டாது. ஹொண்டா ஜிஎக்ஸ் 160க்கு அந்த இடைவெளி உள்ளெடுப்பில் 0.15 மில்லிமீற்றர், வெளியேற்றில் 0.20. அளக்கத் தகடு வேண்டும். வட்டக்கச்சியில் ஒரு பெடியனிடம் கேட்டிருக்கிறேன். கொண்டுவந்தால் அடுத்த கிழமை மூடியைக் கழற்றுவோம்.