எண்ணெயைக் குறைத்தும் இரத்தக் கொழுப்பு குறையாதது ஏன்?

"எண்ணெயை வெகுவாகக் குறைத்துவிட்டோம், நெய்யைத் தொடுவதே இல்லை. ஆயினும் ட்ரைகிளிசரைடு குறையவில்லையே, ஏன்?" இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் வரும் பலர் எங்களிடம் கேட்கும் வினா இது. இதற்கான விடை எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டுமன்று, சோற்றுத் தட்டிலும் இருக்கிறது. அதை அறிய, மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய இரண்டின் அமைப்பையும் பணியையும் சற்றே காண்போம்.

மாவுச்சத்து என்னும் சங்கிலி

பாவு நூலுக்கு வலுவும் விறைப்பும் தர அரிசிக் கஞ்சி இடுவதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்கள் நன்கு அறியும். அந்தக் கஞ்சியில் இருப்பது, குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. சோற்றிலும் இட்லியிலும் இருப்பது அதே சங்கிலிதான். அதை நாம் உண்ணும்போது, செரிமான நொதிகள் கண்ணி கண்ணியாக அறுத்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்க்கின்றன.

கீரைத் தண்டின் நாரும் குளுக்கோஸ் சங்கிலியே. ஆனால் அதில் கண்ணிகள் இணையும் விதம் வேறு; நம் நொதிகளால் அதனை அறுக்க இயலாது. எனவே நார்ச்சத்து சர்க்கரையாக மாறுவதில்லை. உணவோடு சேரும்போது, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தையும் அது தணிக்கிறது.

கொழுப்பின் அமைப்பும் பணியும்

ட்ரைகிளிசரைடு என்பது கிளிசரால் என்னும் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த பொருள். அந்த அமிலங்கள் நேராக இருப்பின் நெருங்கி அடுங்கும். ஆகவே நெய் உறைகிறது. வளைந்திருப்பின் நெருங்க இயலாது. ஆகவே நல்லெண்ணெய் நீர்மமாகவே நிற்கிறது.

கொழுப்பு நம் பகை அன்று. ஒவ்வோர் உயிரணுவின் சுவரும் கொழுப்புப் பொருள்களால் ஆன ஈரடுக்குப் படலமே. நரம்புகளின் உறையும், பித்த அமிலங்களும், பல ஹார்மோன்களும் கொழுப்பின்றி உருவாகா. ஏ, டி, இ, கே ஆகிய உயிர்ச்சத்துகளை உடல் ஏற்கவும் கொழுப்பு வேண்டும்.

ஒன்று மற்றொன்றாக மாறும் இடம்

இரத்தத்தில் சேரும் குளுக்கோஸை மூளையும் தசைகளும் எரிபொருளாகக் கொள்கின்றன. மிஞ்சியது கிளைக்கோஜன் என்னும் சேமிப்பாகிறது. கல்லீரலில் இதற்கு ஏறத்தாழ 100 கிராம் அளவுக்கே இடமுண்டு; தசைகளில் ஏறத்தாழ 400 கிராம். உழைப்பு குறைந்து, உணவு மிகுந்து, இந்த இடம் நிரம்பிய பின்னர், எஞ்சிய குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பு அமிலமாக மாற்றி, ட்ரைகிளிசரைடாக இரத்தத்தில் அனுப்புகிறது. இன்சுலின் சரிவரச் செயற்படாத உடலில் இது இன்னும் மிகுகிறது. எண்ணெயைக் குறைத்தவர், பசிக்கு ஈடாகச் சோற்றைக் கூட்டினால் அறிக்கையில் எண் குறையாததற்குக் காரணம் இதுவே. இனிப்புப் பானங்களும் மதுவும் அதனை மேலும் உயர்த்தும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நம் நாட்டில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 81.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு சீர்கேடும் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஆகவே இது ஒரு சிலருக்கான செய்தி அன்று.

தட்டில் செய்யத்தக்கவை

வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை நினைவுகூர்க. அரிசியோடு உளுந்தும், நெய்யும், மிளகும், சீரகமும், சுக்கும் அதில் சேர்கின்றன. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் ஒன்றாய் அமைந்த உணவு அது. அதிலும் அளவே முதன்மை.

அன்றாடத் தட்டில் பாதியைக் காய்கறி, கீரைக்கும், கால் பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீனுக்கும், எஞ்சிய கால் பங்கைச் சோற்றுக்கும் ஒதுக்குக. எண்ணெயை முற்றிலும் விலக்க வேண்டா, அளவோடு கொள்க. தறியில் நெடுநேரம் அமர்ந்து பணிபுரிவோர் இடையிடையே எழுந்து நடப்பதும், உணவுக்குப் பின் சிறிது நேரம் உலவுவதும் நன்று. தசைகள் குளுக்கோஸை அப்போது எடுத்துக்கொள்ளும்.

வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி நேரக்கூடும். காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காண்க.

இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ கொள்பவர்கள் ஒரே நாளில் சோற்றைப் பெருமளவு குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். எனவே உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் கலந்து, மருந்தின் அளவைச் சீர்செய்துகொள்க. இல்லத்தில் சமைப்பவரும் உடன் வந்தால், தட்டை எவ்வாறு அமைப்பது என்பதை இருவருக்கும் சேர்த்தே விளக்குவோம்.